கியர்பாக்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்: நெல்லைச் சீமைக்கு ஏற்ற சின்னக் கார் எது?

சின்னக் கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்ஜினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி? கியர்பாக்ஸ் என்று வந்தால் "ஆட்டோமேட்டிக் வேணும்" அல்லது "கியர் வண்டியே போதும்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. நேரத்துக்கு ஆயில் மாற்றி வந்தால் இன்றைய 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலானவை ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தொந்தரவில்லாமல் தாண்டும். பத்து வருஷம் ஒரே வண்டியை வைத்திருக்கும் வீட்டில் பெரிய செலவு கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கமிருந்துதான் வருகிறது. அதிலும் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் கடையில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்கிறார்கள். நான்கின் குணமும் வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு.

நம் ஊர் ஓட்டம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பாளையங்கோட்டையில் வீடு, டவுனில் வேலை என்றால் வண்டி பாதி நேரம் முதல் இரண்டு கியரிலேயே கிடக்கும். வண்ணார்பேட்டையில் நின்று, சுலோச்சன முதலியார் பாலத்தில் ஊர்ந்து, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி ரத வீதிக்குப் போய்ச் சேர்வதற்குள் கிளட்ச் மிதிக்கும் கால் கடுத்துவிடும். அதே வண்டி ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி நாலுவழிச் சாலையில் நூறில் ஓடும். காவல்கிணறு கடந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து தள்ளும். சாரல் மாதத்தில் குற்றாலம். அங்கிருந்து ஆசைப்பட்டால் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு ஏற்றம். மே மாதத்தில் பாளையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏசி முழு வேகத்தில் ஓட, ஐந்து பேரும் சாமான்களும் ஏறியிருக்க, ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டியிருக்கும். இந்தச் சூட்டையும் ஊர்தலையும் தாங்குகிறதா என்பதுதான் நமக்கு உரைகல்.

என்ஜினைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பணகுடிக்கு மேற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்த்த பிறகே மேலே அனுப்புகிறார்கள். கார் என்ஜினையும் கம்பெனிக்காரர்கள் அப்படிச் சோதிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பதினைந்து வருஷ வெயிலையும், தூசியையும், பலவித ஓட்டுநர்களையும் சோதனைக்கூடத்தில் காட்ட முடியாது. அந்தச் சோதனையைச் சாலைதான் செய்யும். அதில் தேறியவை என்று நான் தயங்காமல் சொல்லும் பெட்ரோல் என்ஜின்கள் மூன்று. மாருதியின் கே வரிசை 1.2 லிட்டர், 2009-ல் ரிட்ஸ் காரில் வந்தது. அதன் திருத்திய வடிவம், 1197 சிசி, 90 பிஎஸ் (குதிரைத்திறன்), இன்று பலேனோவிலும் ஃபிரான்க்ஸிலும் இருக்கிறது. டொயோட்டா கிளான்சா, டைசர் என்று விற்பதும் இதே என்ஜின்தான். ஹூண்டாயின் 1.2 கப்பா 2008-ல் ஐ10-ல் தொடங்கி நியோஸ், ஆரா, எக்ஸ்டர், ஐ20 வரை வந்திருக்கிறது. ஹோண்டாவின் 1199 சிசி ஐ-விடெக் 2009-ல் ஜாஸில் வந்து, பிரியோ வழியாக அமேஸுக்கு வந்து சேர்ந்தது. மூன்றுக்கும் பொதுவானவை: நான்கு சிலிண்டர், டர்போ இல்லை, டைமிங் செயின் (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட ஓடும் சங்கிலி), பெட்ரோலை வால்வுக்கு முன்னால் தெளிக்கும் பழைய முறை. இந்தப் பழைய முறையில் ஒரு நன்மை உண்டு. தெளிக்கும் பெட்ரோல் உள்வரும் வால்வைக் கழுவிக்கொண்டே போகும், கரி படியாது.

2024 மே மாதம் புதிய ஸ்விஃப்ட்டோடு வந்த மூன்று சிலிண்டர் 1.2 என்ஜினைப் பற்றிப் பலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். அந்த ஆண்டு நவம்பரில் டிசையருக்கும் அதையே கொடுத்தார்கள். 82 பிஎஸ்தான், மைலேஜ் நன்றாகக் கொடுக்கிறது. சிலிண்டர் ஒன்று குறைந்ததால் ஆயுசு குறையும் என்று அர்த்தமில்லை; நிற்கும்போது கொஞ்சம் அதிர்வு தெரியும், அவ்வளவுதான். டாடாவின் மூன்று சிலிண்டர் 1.2 பெட்ரோல் 2016-ல் டியாகோ வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்விஃப்ட் என்ஜினுக்கு வயது போதவில்லை என்பது மட்டும்தான் என் தயக்கம். இரண்டு மூன்று வருஷம் பொறுத்து வாங்குகிறவர்கள் அதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் விசிறி, வேறு கதை. ஒரு லிட்டர் டர்போ என்ஜின் ஃபிரான்க்ஸில் 148 நியூட்டன் மீட்டர் இழுவை கொடுக்கிறது. அதே காரின் 1.2 என்ஜினில் 113. புளியரை வளைவில் ஐந்து பேரோடு ஏறும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும், மறுக்க மாட்டேன். ஆனால் டர்போவின் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். கம்பெனி சொன்ன தரத்தில், சொன்ன நேரத்துக்கு முன்பே ஆயில் மாற்றுகிற வீட்டுக்கு டர்போ பொருந்தும். "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடும் வீட்டுக்குப் பொருந்தாது. இன்னொன்று, ஹூண்டாய், கியா ஒரு லிட்டர் டர்போவும் ஸ்கோடா கைலாக்கின் டிஎஸ்ஐ என்ஜினும் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் அடிப்பவை. வால்வு கழுவப்படாததால் ஊருக்குள் மட்டும் குறுகிய தூரம் ஓடும் வண்டியில் நாளாவட்டத்தில் கரி சேர வாய்ப்பு அதிகம். மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவில் 1.2 டர்போ இரண்டு விதமாக வருகிறது. 130 பிஎஸ் கொடுப்பது நேரே அடிக்கும் வகை. 111 பிஎஸ் கொடுப்பது பழைய முறையில் தெளிக்கும் வகை. ஷோரூமில் முதலாவதைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த என்ஜினானாலும் டைமிங் செயினா, பெல்டா, பெல்ட் என்றால் ஆயிலுக்குள் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 பியூர்டெக் என்ஜினில் ஆயிலில் நனைந்து ஓடிய பெல்ட் உதிர்ந்து ஆயில் பாதையை அடைத்தது. அந்தக் கம்பெனிக்குழு 2024-ல் அங்கே வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்ட வேண்டியதாயிற்று.

இனி கியர்பாக்ஸ். இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கையால் போடும் கியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேய்வது கிளட்ச் தட்டு. மாற்றத் தெரிந்த பட்டறை சேரன்மகாதேவியிலும் உண்டு, திசையன்விளையிலும் உண்டு. ஏற்றத்தில் கைப்பிரேக் போடாமல் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் இல்லாதவர் கையில் அது நெடுநாள் உழைக்கும். முழங்காலும் நேரமும் ஒத்துழைக்கிறவர்களுக்கு இதைவிட நம்பகமானது இன்றும் கிடையாது.

ஏஎம்டி 2014-ல் செலிரியோவோடு இங்கே பரவியது. உள்ளே இருப்பது அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் தட்டு; மிதிப்பதற்கும் மாற்றுவதற்கும் காலும் கையும் இல்லாமல் ஒரு சின்ன இயந்திரம். கியர் வண்டியைவிடச் சுமார் ஐம்பதாயிரம் ரூபாய்தான் கூடுதல். மைலேஜும் இறங்காது. அதனால்தான் இவ்வளவு விற்கிறது. ஆனால் பலர் இதை முழு ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஓட்டுகிறார்கள், சிக்கல் அதில்தான். ஈரடுக்கு மேம்பால ஏற்றத்தில் முன்வண்டி நின்றால், பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து வைப்பார்கள். உள்ளே கிளட்ச் அரைபட்டுக்கொண்டிருக்கும். சூடு ஏறி நாற்றம் வரும், சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும். பிரேக்கில் நிறுத்தி, வழி கிடைத்ததும் தயங்காமல் கிளப்பினால் ஏஎம்டி நீடிக்கும். மலைப்பாதையில் மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரில் பிடித்து ஏற வேண்டும். தானே விட்டால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அல்லாடும். கிளட்ச் மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் இணைத்து அதற்குப் புதுத் தட்டைப் பழக்கவும் வேண்டும். அந்தக் கருவி உள்ள ஒர்க்ஷாப் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சிவிடியில் பல்சக்கரக் கியர்களுக்குப் பதில் இரண்டு கப்பிகளும் நடுவே ஓர் எஃகுப் பட்டையும். கப்பி அகலும், குறுகும். வண்டி ஒரே இழுப்பில் போகும், உலுக்கலே இருக்காது. ஊருக்குள் ஊர்ந்து போக இதைவிட மென்மையானது இல்லை. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால் என்ஜின் கத்தும், வேகம் நிதானமாகத்தான் வரும். நாற்கரச் சாலையில் லாரியைத் தாண்ட முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இதன் உயிர் அதன் திரவத்தில் இருக்கிறது. கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன தூரத்தில், சொன்ன திரவத்தையே மாற்ற வேண்டும். சாதாரண கியர் ஆயிலை ஊற்றிவிட்டால் பட்டை வழுக்கி, கப்பி கீறி, முழு கியர்பாக்ஸுமே போகும். உள்ளூர்ப் பட்டறையில் சர்வீஸ் விடும் வழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு வேலைக்காவது கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய, அசல் ஆட்டோமேட்டிக். கிளம்பும்போது என்ஜினையும் கியரையும் இணைப்பது திரவம். அங்கே தேயும் உலர் தட்டு இல்லை. வெயிலில் ஊர்ந்தாலும் ஏற்றத்தில் நின்று கிளம்பினாலும் சூட்டை ஆயில் வாங்கிக்கொண்டு ஆற்றிவிடும். மைலேஜ் சற்றுக் குறையும், விலை கூடும். நெல்லை வெயிலுக்கும் மேற்கு மலைக்கும் ஆட்டோமேட்டிக்கில் என் முதல் வாக்கு இதற்குத்தான்.

டிசிடியில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படைக் கியருக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. அடுத்த கியர் தயாராகக் காத்திருப்பதால் மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். ஓட்டிப் பார்த்தவர்கள் மயங்கிப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: கிளட்ச் ஆயிலில் நனைந்ததா, உலர்ந்ததா? உலர் கிளட்சுக்குச் சூட்டை விரட்ட வழி காற்று மட்டும்தான். குற்றாலத்தில் சாரல் சமயத்து ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்கு வண்டிகள் வரிசையில் நகர்வதை நினைத்துப் பாருங்கள். ஓர் அடி, நிறுத்தம், ஓர் அடி, நிறுத்தம், அதுவும் ஏற்றத்தில். உலர் டிசிடிக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது. ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் உலர் டிஎஸ்ஜி (டிசிடிக்கு அந்தக் கம்பெனி வைத்த பெயர்) இதற்குப் பழைய உதாரணம். டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கோளாறுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் சுமார் 3.8 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பிறகு வந்தவை திருந்தியிருக்கின்றன. ஹூண்டாய், கியாவின் ஒரு லிட்டர் டர்போவோடு வருவதும் ஏழு கியர் உலர் வகைதான். டாடா ஆல்ட்ரோஸில் வருவது நனைந்த கிளட்ச். நம் வெயிலுக்கு அந்த யோசனை சரியானது. என்றாலும், வாரண்டி முடிந்தபின் டிசிடியின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று போனால் வரும் பில்லைத் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது உண்மையான இடைஞ்சல் தெரியவரும். எளிமையான 1.2 என்ஜினும் உறுதியான டார்க் கன்வெர்ட்டரும் ஒரே சின்னக் காரில் கிடைத்தால் கேள்வியே இல்லை. ஆனால் மேலே நல்லவை என்று சொன்ன மூன்று என்ஜின்களில் எதோடும் இன்று டார்க் கன்வெர்ட்டர் வருவதில்லை. ஏஎம்டி வரும், அல்லது சிவிடி வரும். டார்க் கன்வெர்ட்டர் வேண்டுமென்றால் டர்போ பக்கம் போக வேண்டும்: ஃபிரான்க்ஸ் ஒரு லிட்டர், 3எக்ஸ்ஓ, கைலாக், மூன்றிலும் ஆறு கியர். மாருதி பிரெஸ்ஸாவில் டர்போ இல்லாத 1.5 என்ஜினோடு டார்க் கன்வெர்ட்டர் உண்டு. ஆனால் வரி அங்கே குறுக்கே நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 1462 சிசி பிரெஸ்ஸாவுக்கு 40.

ஆகவே ஆளுக்கு ஆள் முடிவு மாறும். "சித்தப்பாவுக்கு முட்டு வலி, இனி கிளட்ச் மிதிக்க முடியாது, டவுனுக்குப் போய்வரத்தான் வண்டி" என்று கேட்டால் ஹோண்டா அமேஸ் சிவிடி அல்லது ஐ20 சிவிடி. பதினைந்து வருஷ என்ஜின், ஊர்வதற்கு ஏற்ற கியர்பாக்ஸ். வீட்டில் ஒருவர் கையாலேயே ஓடும், நிதானமான ஓட்டம் என்றால் இந்த ஜோடிக்கு மேல் தேட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை செங்கோட்டை தாண்டிக் கொல்லம் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறவருக்கு ஃபிரான்க்ஸ் டர்போ ஆறு கியர், அல்லது 3எக்ஸ்ஓவின் 111 பிஎஸ் வகை. ஆயில் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் கார், கடன் போட்டு வாங்குவது, வீட்டில் மூன்று பேர் ஓட்டுவார்கள் என்றால் நியோஸ், எக்ஸ்டர், பலேனோ, அமேஸ் எதுவானாலும் கையால் போடும் கியர். மிச்சமாகும் பணத்தில் நீட்டித்த வாரண்டி எடுங்கள். ஏஎம்டியை நான் ஒதுக்கவில்லை. ஓட்டுகிறவர் ஒருவர்தான், அவர் அதன் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் அது நியாயமான பேரம்.

டீசலுக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னும் நம் பக்கம் உண்டு. 1248 சிசி மல்டிஜெட் என்ஜின் போட்ட பழைய ஸ்விஃப்ட் கொடுத்த மைலேஜையும் இழுவையையும் மறக்க முடியாதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. இன்று கிடைக்கும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. நாலுவழிச் சாலையில் நிலையாகக் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் நாகர்கோவில் போய்வருகிறவருக்குப் பிரச்சினையே வராது. அவருக்குக் கியா சோனெட் டீசலும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டரும் நல்ல ஜோடி. பாளைக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் ஓடும் டீசல் வண்டி சீக்கிரமே அடைத்து நிற்கும். சிஎன்ஜி என்றால் கம்பெனியே பொருத்தியதை மட்டும் எடுங்கள். ஸ்விஃப்ட்டில் 82 பிஎஸ் 70 ஆக இறங்கும், மலை ஏறும்போது பொறுமை வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையும் உண்டு.

ஈ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிப் புது வண்டி வாங்குகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் குழாய்களும் சீல்களும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. மைலேஜ் சற்றுக் குறையும்.

வெள்ளத்தைப் பற்றி இங்கே பேசாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கம் நின்ற வண்டிகள் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் ஏறிய வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாக ஆயிலிலும் தண்ணீர் கலக்கும். கையால் போடும் கியர்பாக்ஸில் ஆயிலை வடித்துக் கழுவி மாற்றிப் பிழைக்க வைக்க முடியும். சிவிடியும் டிசிடியும் அவ்வளவு பொறுக்காது. சாதாரணக் காப்பீடு என்ஜினுக்குள் தண்ணீர் போனதற்குப் பணம் தராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஓர் இணைப்பு உண்டு. ஆற்றங்கரைத் தெருவில் வீடு உள்ளவர்கள் அதை விடவே கூடாது. அதில் கியர்பாக்ஸும் அடங்குமா என்று பாலிசியில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு மாலை நேரத்தைக் கேட்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசியை முழுசாக வைத்து, வீட்டு ஆட்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். ஷோரூம்காரர் காட்டும் நேரான சாலையில் ஒரு சுற்றோடு விட்டுவிடாமல் மேம்பால ஏற்றத்தில் பாதியில் நிறுத்திக் கிளப்புங்கள். பின்னால் உருள்கிறதா, உலுக்குகிறதா, வாடை வருகிறதா என்று கவனியுங்கள். ரிவர்ஸில் ஒரு சரிவில் ஏற்றிப் பாருங்கள்; ஏஎம்டியின் குணம் அங்கே வெளிப்படும். நீங்கள் வாங்கப்போகும் அதே என்ஜினும் அதே கியர்பாக்ஸும் உள்ள வண்டிதானா என்று சாவி வாங்குமுன் கேளுங்கள். "இதுவும் ஆட்டோமேட்டிக்தான் சார், ஓட்டிப் பாருங்க" என்று சிவிடிக்குப் பதில் ஏஎம்டி வண்டியைக் கொடுப்பது நடக்கிற காரியம். திரும்பி வந்ததும் விற்பனை மேஜையில் உட்காராமல் நேரே சர்வீஸ் பகுதிக்குப் போய் மூன்று விலைகளை எழுதி வாங்குங்கள்: கிளட்ச் தொகுதி, கியர்பாக்ஸ் திரவம் மாற்றக் கூலியோடு, கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டி. மூன்றாவதற்கு விலை சொல்லத் தயங்கினால், அந்த வண்டியின் முன்பணத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.